மயில்கழுத்து நிற ஈ

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஏதாவது இருந்திருக்கலாம். ஆனால் "எனக்குத் தெரியல" என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்து அவர் மனைவி கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. சர்வகலாசாலையே மாப்பிள்ளையாக வந்திருக்கிறது என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டாள். பிறகு பழகிப்போயிற்று. தன் அம்மா செத்த நாளிலிருந்து அது தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாகிவிட்டது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்பக்கம் தோட்டம். கடையில் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை இறங்கிக்கொண்டே போகும் பலகை, ஒரு சுழல் நாற்காலி, வெல்வெட் பதித்த பெட்டியில் வரிசையாகச் சோதனை வில்லைகள். வருகிறவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்பார். அவர்கள் யோசித்து ஒரு பதில் சொன்னால், "இல்லை, உங்களுக்கு அதுதான் நல்லாத் தெரியும்" என்பார். அடுத்தவன் கண்ணுக்கு எது தெரிகிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

கடை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஈ. பண்டத்தில் மொய்க்கிற ஈ அல்ல. பூவுக்கு எதிரே, நூல் கட்டித் தொங்கவிட்டது போல அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த வகை. மிதவை ஈ என்பார் அவர். தேனீயின் நிறத்தையோ குளவியின் பட்டையையோ இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு, கொடுக்கே இல்லாமல் ஊரை மிரட்டிப் பிழைக்கிற கூட்டம் அது. தேனீக்கு நாலு சிறகு, இதற்கு இரண்டு. அதற்கு மீசை நீளம், இதற்குக் குட்டை. "பட்டாம்பூச்சியை எந்த மடையனும் பார்ப்பான். ஈயைப் பாக்கத்தான் கண் வேணும்" என்பது அவருடைய வேதம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஈதான் வாரிசு.

இந்த ஈக்களைப் பற்றி ஒரு அம்மாள் பெரிய நூல் ஒன்று தொகுத்துக்கொண்டிருந்தார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பூச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எங்கே என்ன ஈ தென்பட்டது என்று படத்தோடு அவருக்கு அனுப்புகிறவர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் நம் கண்ணாடிக்காரருடையது. படம் மங்கலாக இருந்தாலும் அவர் சொல்லை நம்பியே டாக்டரம்மா ஏற்றுக்கொண்டார். நூலின் முதல் பக்கத்தில் அவருக்கு நன்றி வரும் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக, கடைச் சுவரில் இருந்த காலண்டரை இறக்கிவிட்டுப் புதிதாக ஆணி அடித்து வைத்திருந்தார் கண்ணாடிக்காரர். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டின கதைதான். அவரிடம் யார் சொல்வது?

அம்மா விஷயம் இப்படி நடந்தது. பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். அம்மாவுக்குக் காது மந்தம், கண் மட்டும் கடைசி வரை கூர்மை. அன்று ஜன்னல் வழியாக ஒன்று உள்ளே வந்து கட்டிலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தாள்.

"தேனீ வந்திருக்கு பாரு. உங்க அப்பா வளத்த தேனீ. என்னைக் கூட்டிட்டுப் போக அனுப்பியிருக்காரு."

அப்பா உயிரோடு இருந்தவரை பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தவர். மகள் "ஆமாம்மா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து, காது மந்தமாயிற்றே என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"அது தேனீ இல்லை அத்தை! ஈ! ரெண்டே சிறகுதான் இருக்கு பாருங்க! சாக்கடைப் புழுவுல இருந்து வர்ற ஈ!"

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மேலே நின்றதைப் பார்த்தாள். "ஈயா?" என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. விடிந்தபோது மூச்சும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட, "கடைசி வரைக்கும் நல்ல நினைவு. ஈக்கும் தேனீக்கும்தான் வித்தியாசம் தெரியாமப் போச்சு" என்று ஆரம்பித்துப் பாடம் நடத்தினார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசை. நகை, புடவை, வெளியூர்ப் பயணம் ஒன்றும் வேண்டாம். நாலு பேர் முன்னால் இவர் ஓர் ஈயைத் தப்பாகச் சொல்லவேண்டும். தப்பு என்று ஒருவர் காட்டவேண்டும். முழித்துக்கொண்டு நின்று, "எனக்குத் தெரியல" என்று இவர் வாயால் சொல்லவேண்டும். அதைக் கேட்டுவிட்டால் முள் இறங்கிவிடும்.

தோட்டத்தில் கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டது பூத்துக் குலுங்கியது. அதன் மேலே ஓர் ஈ தினமும் காவல் நின்றது. ஆண் ஈ ஓர் இடத்தைப் பிடித்தால் தன் சொத்து மாதிரி காக்கும், வேறு ஈ வந்தால் விரட்டிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்று அவர்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார். குளிரில் வைத்தால் பூச்சி மரத்துப்போகும், வெயில் பட்டால் எழுந்துகொள்ளும் என்பதும் அவர் சொன்னதுதான். கேட்காமலே கற்றுக்கொடுக்கிறவர். அவளும் காது மந்தம் இல்லாதவள்.

அவர் கடையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்த முற்பகலில், அவள் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து ஈயைப் பிடித்தாள். அட்டையால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். காய் நறுக்கினாள். எடுத்துப் பார்த்தால் ஈ காலை மடக்கிக் கிடந்தது. அடுக்களை மேடையில் வெள்ளைக் காகிதத்தின் மேல் அதைக் கவிழ்த்துவிட்டு, நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"ஈக்கு நெயில் பாலிஷ் போடறேன்."

"என்னது?"

"உங்க அத்தானுக்குப் புது ஈ வேணுமாம். செஞ்சு குடுக்கறேன்."

மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "எந்தக் கலரு? நான் வாங்கிக் குடுத்தனே, மயில்கழுத்து, அதுவா? அடிப்பாவி! அதைக் கையில போடவே இல்லையே நீ."

"கையில போட்டா, இந்த வயசுல எதுக்கு மினுக்குன்னு கேப்பாரு. கால்ல போட்டுக்கறேன். கால் பக்கம் அவர் கண்ணு போனதே இல்லை."

"ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறவருக்குப் பொண்டாட்டி கால் தெரியலையாக்கும். சரி, கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபிடிச்சா திட்டு. கண்டுபிடிக்காட்டி..." அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இடக்கையால் எதையும் செய்கிறவள். பல்குத்தும் குச்சியின் நுனியைப் புட்டியில் தொட்டு ஈயின் முதுகில் இரண்டு பொட்டு, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு பட்டை. வெயிலில் நீலமாகவும் சாய்த்தால் பச்சையாகவும் மின்னியது.

"பாவம்க்கா அது."

"எது?"

"ஈயைச் சொன்னேன்" என்றாள் தங்கை.

பூச்சு காய்ந்ததும் காகிதத்தோடு கொண்டுபோய்க் கொத்தமல்லி மேல் வைத்தாள். ஈ காலை நீட்டியது, முகத்தைத் துடைத்துக்கொண்டது, எழும்பித் தன் பழைய இடத்தில் போய் நின்றது. புதுச் சட்டை போட்ட கர்வம் எதுவும் அதற்கு இல்லை.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஒரு கூப்பாடு. "இங்க வா! ஓடி வா! ஓடாதே, மெதுவா வா! நிழல் விழாம வா!"

போனாள். அவர் மண்ணில் மண்டி போட்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது.

"இது என்ன ஈங்க?" என்று கேட்டாள். இப்போதே சொல்லிவிட்டால்கூடப் போதும், தெரியல என்று.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஈ" என்றார்.

தனக்குத் தெரியவில்லை என்பதை உலகத்துக்கே தெரியாது என்று மாற்றிவிட்டார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து வந்த நாட்களில் கடை பாதி நேரம் பூட்டிக் கிடந்தது. படம் எடுத்தார், வில்லை வைத்துப் பார்த்தார், ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கினார். முதுகில் இருக்க வேண்டிய மயிரெல்லாம் பூச்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்தவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இவர் அதையே அதிசயமாக்கினார். "முதுகில் இரு இடங்களில் மயிர் படிந்து மெருகேறிக் காணப்படுவது இவ்வினத்தின் தனிச்சிறப்பு" என்று எழுதி, அவளுக்கு உரக்க வாசித்தும் காட்டினார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர் அந்த மூன்று காலுக்கும் காரணம் எழுதினார்.

குழுவில் இருந்த பல் வைத்தியர் ஒருவர், "சார், வெளிச்சம் பட்டு அப்படித் தெரியுதோ?" என்று படத்துக்குக் கீழே கேட்டிருந்தார். "பல்லைப் பிடுங்குகிறவருக்கு வாய்க்குள் மட்டும்தான் வெளிச்சம் தெரியும்" என்று பதில் போட்டார் இவர். டாக்டரம்மா மட்டும், படம் போதாது, ஈ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்று எழுதினார்.

ஈ வேண்டும் என்றால் செத்த ஈ. இதுவரை ஓர் ஈயைக்கூட அவர் கொன்றதில்லை. கொல்லாமல் அடையாளம் சொல்கிறவன்தான் கெட்டிக்காரன் என்று சவடால் அடிப்பவர். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் விரலால் கோலம் போட்டபடி, "அது நம்ம தோட்டத்து ஈ இல்லையா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை அவரிடம் அவள் பார்த்ததில்லை. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். விளையாட்டுக்குப் பண்ணினேன், விட்டுவிடுங்கள், பாவம் அது பிழைத்துப் போகட்டும் என்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். முகம் பழையபடி ஆகியிருந்தது. "கட்டுரைக்கு ஒரு நல்ல ஆரம்பம் கிடைச்சிருக்கு. உங்க அம்மா சாகும்போது சொன்னாங்களே, ஈயைப் பாத்துத் தேனீன்னு. அதைப் போடப் போறேன். படிக்கறவங்க சிரிச்சுக்கிட்டே உள்ள வருவாங்க. சாதாரண ஜனங்க எப்படித் தப்புப் பண்றாங்கங்கறதுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது."

"அம்மா பேரைப் போடுவீங்களா?"

"பேரு எதுக்கு? ஒரு கிழவின்னு போட்டாப் போதும்."

அவள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் அவர் கேட்பதற்கு முன்பே கண்ணாடி டம்ளரையும் அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஈயைப் பிடித்து ஃப்ரீசரில் வைத்தார். மத்தியானம் ஐஸ் எடுக்கப் போனவள் பார்த்தாள். போன தடவை மரத்துப் படுத்த அதே மாதிரிதான் காலை மடக்கிப் படுத்திருந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு காலையில் குளித்ததும் கால் நகங்களுக்குப் புதிதாக ஒரு பூச்சு பூசிக்கொண்டாள். பத்து விரலும் பளபளவென்று இருந்தன.

கடைக்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார். டாக்டரம்மா ஒரு சின்ன மைக்ரோஸ்கோப்போடு வந்தார். ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். பல் வைத்தியரும் குழுவைச் சேர்ந்த இன்னும் சிலரும் வந்தார்கள். கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்று பேசினார். கிழவி கதையில்தான் ஆரம்பித்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிகிற மாதிரி நடித்து, அத்தை குரலில் "ஈயா?" என்று இழுத்துச் சொல்லிக் காட்டினார். சிரித்தார்கள். வாசல்நிலையில் சாய்ந்து நின்ற அவளும் சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தார். ஈயை ஊசி முனையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சு ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"சார், இந்தப் பட்டைக்கு மேல மோந்து பாத்தீங்களா?"

"மோந்தா?" என்று சிரித்தார் கண்ணாடிக்காரர். "ஈயை யாராவது மோந்து பாப்பாங்களா?"

டாக்டரம்மா தலையைத் தூக்கி வாசல்நிலைப் பக்கம் பார்த்தார். "அம்மா, உங்ககிட்ட நெயில் பாலிஷ் அழிக்கிற ரிமூவர் இருக்கா? ஒரு சொட்டுப் போதும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்து, பஞ்சையும் சேர்த்து, டாக்டரம்மா கையில் கொடுத்தாள். இடக்கையால் கொடுத்தாள்.

பஞ்சு நுனி ஈயின் வயிற்றை ஒருமுறை தடவியது. நுனியில் மயில்கழுத்து நிறம் ஏறியது. பட்டை போயிற்று. இன்னொரு தடவலில் முதுகுப் பொட்டு இரண்டும் போயின. காகிதத்தின் மேல் கிடந்தது பழுப்பு நிறத்தில் ஒரு சாதாரண ஈ.

"சாக்கடையில வர்றது" என்றார் டாக்டரம்மா. "எல்லா ஊர்லயும் இருக்கறது."

"சார்!" பல் வைத்தியருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "ஈ மேக்கப் போட்டுக்கிட்டு உங்களைப் பாக்க வந்திருக்கு சார்!"

கடையே குலுங்கியது. கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பஞ்சைப் பார்த்தார். ரிமூவர் புட்டியைப் பார்த்தார். அதைக் கொடுத்த கையைப் பார்த்தார். அங்கிருந்து பார்வை மெதுவாகக் கீழே இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பாதத்துக்கு வந்து நின்றது. பத்து நகத்தையும் பார்த்தார். கண்ணாடிக்காரர் அடையாளம் கண்டுவிட்டார்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இதோ வரப்போகிறது. எனக்குத் தெரியல. எனக்குத் தெரியாமப் போச்சு.

அவர் தொண்டையைச் செருமினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கலகலவென்று சிரித்தார்.

"பரவாயில்லை, டாக்டரம்மா பாஸ்! மத்தவங்க எல்லாரும் ஃபெயில்! இத்தனை நாளாப் படத்தைப் பாத்தீங்களே, ஒருத்தருக்காவது தோணுச்சா? பூசினது நான்தான்யா. உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கான்னு சோதிச்சுப் பாத்தேன். கண்ணு சோதிக்கறதுதானே என் தொழில்?"

ஒருவர் தொடையைத் தட்டினார். "அடேயப்பா, நம்மளையே முட்டாளாக்கிட்டாரே!" என்றார் இன்னொருவர். பல் வைத்தியர் சிரித்த வாயை மூட முடியாமல் நின்றார். வாசல்நிலையில் நின்றவளுக்கு வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வலையில் விழுந்தவர் வலையையே தன்னுடையது என்று சொல்லி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா புட்டியை மூடி மேஜையில் வைத்தார்.

"நீங்களா பூசினீங்க?"

"நானேதான்."

"அப்ப இதுக்கு முன்னால நீங்க அனுப்பினதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம். சத்தியமா நிஜம்."

"எதுல பூசினீங்க, எதுல பூசலைன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? உங்க சொல்லை நம்பித்தான் எடுத்துக்கிட்டேன்." அவர் குரல் உயரவே இல்லை. "கட்டுரை எழுதியிருக்கீங்க. ஒரு உயிரைக் கொன்னிருக்கீங்க. இது சோதனையா? ஒண்ணு சொல்றேன், நிதானமாக் கேளுங்க. வீட்டுல யாராவது விளையாட்டுக்குப் பண்ணி, நீங்க கவனிக்காம விட்டிருந்தீங்கன்னா அதைச் சொல்லிடுங்க. ஏமாறறது தப்பில்லை. நானே ஏமாந்திருக்கேன். அப்படின்னா மத்தது எல்லாம் புத்தகத்துல அப்படியே இருக்கும். நீங்க வேணும்னே பண்ணினதுன்னா, உங்க பேர்ல இருக்கற ஒண்ணையும் என்னால வெச்சுக்க முடியாது. ஒண்ணைக்கூட."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை அவள் உடனே படித்துவிட்டாள். என்னைக் காப்பாற்று என்று அது கேட்கவில்லை. சொல்லிவிடாதே என்று கெஞ்சியது. நான் ஏமாந்தேன் என்று இவர்களிடம் சொல்லிவிடாதே, எது போனாலும் போகட்டும்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் பூசினேன், அவருக்குத் தெரியவில்லை. அவள் இத்தனை நாள் தவம் கிடந்ததும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான். சொன்னால் அவர் மானம் போகும், புத்தகம் பிழைக்கும். சொல்லாவிட்டால் புத்தகம் போகும், அவர் பார்த்த ஈயெல்லாம் பார்க்காததாகிவிடும். இவ்வளவு பெரிய மீன் மாட்டும் என்று தூண்டில் போட்டபோது அவள் நினைத்திருக்கவில்லை.

கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கட்டளைதான் போட்டிருக்கிறார். முதல் தடவையாக ஒன்று கேட்கிறார். புருஷன் கேட்டதை மனைவி எப்படி மறுப்பாள்?

"எல்லாருக்கும் டீ கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் ஏமாறலை" என்றார் கண்ணாடிக்காரர். "நான்தான் பூசினேன்."

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஈயை எடுத்துக்கொள்ளவில்லை. டீயும் குடிக்கவில்லை. மற்றவர்கள் அவர் பின்னாலேயே செருப்பைத் தேடினார்கள். வாசலில் பல் வைத்தியர் திரும்பி, "சார், கண்ணாடி வாங்க வர்றவங்களுக்காவது நிஜமான எழுத்தைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்துப் பலகை அசையாமல் நின்றது. பெரிய எழுத்துகூட அன்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

எல்லோரும் போனதும் அவர் கதவைச் சாத்தினார். முதுகைக் காட்டியபடியே, "பட்டை இடப்பக்கம் தடிச்சு வலப்பக்கம் மெலிஞ்சிருந்துச்சு. இடக்கை" என்றார். பழக்கம் விடவில்லை.

"ஆமா" என்றாள் அவள். "ஏன் அவ்வளவு கோணலாப் பூசினீங்க?"

அவள் டீ டம்ளர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற வழியில், சட்டம் மாட்டவென்று அடித்த ஆணியில் பழைய காலண்டரை மாட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதையே எடுத்துக்கொண்டார். குழுவில் அவர் பெயர் இல்லை. தங்கை போனில், "போதும்க்கா, விட்டுடு. மனுஷன் பாதியாயிட்டாராமே" என்றாள். "பாதிதானே ஆயிருக்காரு" என்றாள் அக்கா.

ஒருநாள் காலை அவள் தோட்டத்திலிருந்து கூப்பிட்டாள். அவர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து நின்றார். கொத்தமல்லி காய் பிடித்துக் கடைசிப் பூக்களோடு சரிந்திருந்தது. காலியாகிக் கிடந்த காவலுக்கு வேறோர் ஈ வந்திருந்தது. அந்தரத்தில் அசையாமல் நின்றது. பூச்சு ஏதும் இல்லாத, எல்லா ஊரிலும் இருக்கிற ஈ.

"என்னங்க அது?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். "எதுக்குக் கேக்கற?"

"தெரிஞ்சுக்கத்தான். எனக்குத் தேனீ மாதிரி இருக்கு."

அவர் உதடு துடித்தது. ரெண்டு சிறகு, குட்டை மீசை, எல்லாம் அந்த உதட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்று முட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா நம்பர் இதுல இருக்கு. நடந்ததை அவங்ககிட்டச் சொல்லிடறேன். நான்தான் பூசினேன், இவருக்கு ஒண்ணுமே தெரியலைன்னு. உங்க ஈயெல்லாம் திரும்பப் புத்தகத்துல ஏறிடும். நல்லதுதானே?"

"வேண்டாம்."

"ஏங்க? ஏமாறறது தப்பில்லைன்னு அவங்களே சொன்னாங்களே."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

"அப்ப சொல்லுங்க. என்ன அது?"

ஈ ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்து, திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. இளவெயிலில் அதன் இரண்டு சிறகும் இரண்டாகவே தெரிந்தன. கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார், எச்சிலை விழுங்கினார்.

"தேனீ" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அவள். "அம்மாவுக்குக் காது மந்தம்."